அறிந்தோர் மௌனம்: ஆங்கிலிக்கன் திருச்சபை அறிக்கைகள் குறித்து ஒரு விமர்சனம்

திருத்தணிக் குன்றுக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை அடுத்துக் கிடக்கும் நெசவாளர் ஊர் பொதட்டூர்பேட்டை. தெருக்களில் தறியோசை, பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். திருத்தணிப் பகுதி ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் முதல் நாள் அது சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லையோரத்தில் வாழ்வோர் அனுபவத்தால் அறிந்த உண்மை ஒன்றுண்டு. எல்லைக் கோட்டைக் கடந்தால் மண் மாறுவதில்லை, மக்களும் பெரிதாக மாறுவதில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் மாறிவிடுகின்றன. இப்புறம் எழுதிய புகார் அப்புறம் சென்று உயிர்பெறுவதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும். தவறு செய்தவர்கள் எல்லையை நாடுவது அதனால்தான்.

இத்தகைய ஊர்களில் தன் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் தந்தை கேட்பவை சில கேள்விகளே. வயிறார உணவு கிடைக்குமா, படிப்பு வருமா, செலவு எவ்வளவு ஆகும். விடுதியை நடத்துவது ஒரு சமய நிறுவனம் என்றால் அக்கேள்விகளும் குறைந்துபோகின்றன. அது தேவாலயத்தைச் சார்ந்ததாயினும், மடத்தைச் சார்ந்ததாயினும், பள்ளிவாசலைச் சார்ந்ததாயினும், இறைவன் பெயரால் நடப்பது என்பதே போதிய உத்தரவாதமாகிவிடுகிறது. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் அது யாரிடம் சொல்லும், கேட்டவர் என்ன செய்வார் என்ற கேள்வி எவர் மனத்திலும் எழுவதில்லை.

அந்தக் கேள்விக்கு மிக விரிவான, மிகக் கசப்பான விடை இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையைப் பற்றிய விசாரணை அறிக்கைகளில் கிடைக்கிறது. அவ்வறிக்கைகளை நாம் இவண் எடுத்துக்கொள்வது பிற சமயத்தார் மீது விரல் நீட்டுவதற்காக அன்று. ஒரு சமய நிறுவனம் தன் காலடியில் நடந்த கொடுமையை எவ்வாறு அறிந்தது, அறிந்த பின் அந்த அறிவை என்ன செய்தது என்பதை இத்துணை நுணுக்கமாகப் பதிவுசெய்த ஆவணங்கள் உலகில் மிகச் சிலவே உள்ளன. அவற்றைப் படிப்பவர், குற்றவாளிகளின் கதையைக் காட்டிலும் அறிந்திருந்தவர்களின் கதையே அவற்றில் விரிவாக இருப்பதைக் காண்பார்.

தமிழகத்துக்கு ஆங்கிலிக்கன் திருச்சபை அந்நியமானதும் அன்று. சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. தனி ஆங்கிலிக்கன் சபை அன்றோடு இங்கு மறைந்தது. எனினும் அதன் பள்ளிகளும் விடுதிகளும் மருத்துவமனைகளும் நம் ஊர்களில் நிலைத்துள்ளன. அவற்றில் பயின்ற முஸ்லிம் குடும்பங்களும் பல.

1982ஆம் ஆண்டு அறிக்கை

ஜான் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1977இல் நடந்த சமய நிந்தனை வழக்கொன்றில் வழக்குத் தொடுத்தோர் தரப்பில் வாதாடியதால் திருச்சபையின் நற்பெயர்க் காவலராகப் பலராலும் மதிக்கப்பட்டவர். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்களுக்காக நடந்த ஐவர்ன் என்னும் சமய முகாம்களின் அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த முகாம்களில் பழகிய பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தோட்டத்தில் இதற்கென அமைத்த கொட்டகையில், பாவத்துக்குப் பரிகாரம் என்ற பெயரால் குருதி கசியும் அளவுக்குப் பிரம்பால் அடித்துவந்தார்.

பாதிக்கப்பட்ட இளைஞர்களுள் ஒருவர் தற்கொலைக்கு முயன்ற பின்னர், 1982இல் மார்க் ரஸ்டன் என்னும் கேம்பிரிட்ஜ் குருவானவர் 13 பேரிடம் விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார். அவர்களுள் எட்டுப் பேர் மட்டும் சேர்ந்து ஏறத்தாழ 14,000 அடிகள் பெற்றிருந்தனர் என்று அதில் கணக்கிட்டு எழுதினார். நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. அடிகளை எண்ணிக் கணக்கிடும் அளவுக்கு உண்மை தெளிவாகத் தெரிந்திருந்தது. நடந்தது குற்றம் என்பதிலும் எழுதியவருக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்வறிக்கை காவல் நிலையத்துக்குச் செல்லவில்லை. அந்தரங்கமான ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்றிவந்து இழுப்பறைக்குள் போயிற்று. அவ்வட்டத்தைச் சேர்ந்த குருவானவர் ஒருவர், செய்தி வெளியானால் இறைப்பணிக்குப் பெருங்கேடு விளையும் என்று தாம் எண்ணியதாகப் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

இறைப்பணிக்குக் கேடு! கொட்டகைக்குள் நடந்துகொண்டிருந்ததை அவர் இறைப்பணிக்கு நேர்ந்த கேடாகக் கருதவில்லை. ஊரார் அதை அறிவதையே கேடாகக் கருதினார். இவ்வொரு மனநிலையிலிருந்தே பின்னர் வந்த நாற்பது ஆண்டுத் துயரமும் கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

1984இல் ஸ்மித் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்தார். அவரை எவரும் தடுக்கவில்லை. அங்கும் சமய முகாம்களைத் தொடங்கினார். அங்கும் பிரம்பு தொடர்ந்தது. 1992 டிசம்பரில் அவர் நடத்திய முகாமில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். புலவாயோ நகரப் போதகர்களின் வேண்டுகோளின்பேரில் டேவிட் கோல்டார்ட் என்னும் வழக்கறிஞர் 1993இல் விசாரித்து மீண்டும் ஓர் அறிக்கை எழுதினார். மரணம் குறித்துத் தொடரப்பட்ட வழக்கு 1997இல் சரிந்துபோயிற்று. 2001இல் ஸ்மித் மீண்டும் ஓர் எல்லையைக் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார்.

2013இல் செய்தி கேண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பியின் அலுவலகம் வரை எட்டியது. அவர் அப்பொறுப்பை ஏற்ற ஆண்டு அது. காவல்துறை ஏற்கெனவே அறிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் திருச்சபைத் தலைமை மேற்கொண்டு உசாவாமல் இருந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் சேனல் 4 தொலைக்காட்சி இதனை வெளிக்கொணர்ந்த பிறகே உரிய முறையில் காவல்துறை விசாரணை தொடங்கியது. 2018 ஆகஸ்டில் ஸ்மித் கேப்டவுனில் இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை.

2019இல் பணிக்கப்பட்ட கீத் மேக்கின் தமது ஆய்வறிக்கையை 2024 நவம்பர் 7ஆம் நாள் வெளியிட்டார். ஐந்து நாள்களில் வெல்பி தம் பதவி விலகலை அறிவித்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஒருவர் இத்தகைய காரணத்துக்காகப் பதவி துறந்தது அதுவே முதன்முறை.

மேக்கின் அறிக்கை துணிவானது. யார் எப்போது என்ன அறிந்தார் என்பதைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. எனினும் அதன்மேல் நமக்கொரு குறை உண்டு. பாதிக்கப்பட்டோர் தொகையாக அது மதிப்பிடுவது குறைந்தது 115 பேரை. அவர்களுள் ஏறத்தாழ 85 பேர் ஆப்பிரிக்கப் பிள்ளைகள். நான்கில் மூன்று பங்கினர் அங்கிருக்க, அறிக்கையின் பெரும்பகுதியோ இங்கிலாந்தில் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தையே பின்தொடர்கிறது. வின்செஸ்டர் பள்ளி மாணவனின் முதுகில் விழுந்த அடி எண்ணப்பட்ட நுணுக்கத்தோடு மாரண்டேராச் சிறுவனின் முதுகில் விழுந்த அடி எண்ணப்படவில்லை. ஏகாதிபத்தியக் காலத்தில் தம் நாட்டில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிய வழக்கம் அவ்வாட்சியோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஏழு கடிதங்களும் ஒரு மறைமாவட்ட எல்லையும்

எல்லை என்பது நாடுகளுக்கிடையே மட்டும் இருப்பதன்று. ஆயர் பீட்டர் பாலின் வரலாறு அதைக் காட்டுகிறது. லூயிஸ் நகரின் ஆயராகவும் பின்னர் கிளஸ்டர் ஆயராகவும் இருந்த இவர், துறவுப் பயிற்சி நாடி வந்த பதின்ம வயதினரையும் இளைஞரையும் பல்லாண்டுகள் சீரழித்தார். 1992இன் இறுதியில் ஓர் இளைஞர் புகார் கொடுத்தார். அப்போது கேண்டர்பரிப் பேராயராயிருந்த ஜார்ஜ் கேரியின் அலுவலகத்துக்கு வேறு பலரிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் ஏழு கடிதங்கள் வந்தன. அவற்றுள் காவல்துறைக்குக் கொடுக்கப்பட்டது ஒன்றே. அதுவும் கவலைக்கு மிகக் குறைந்த இடம் தந்த கடிதம். 1993இல் காவல்துறையின் எச்சரிக்கையோடு பால் பதவி விலகினார். திருச்சபை வைத்திருந்த எச்சரிக்கைப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. சில ஆண்டுகளில் ஆராதனை நடத்தவும் அனுமதிக்கப்பட்டார். 2015இல்தான் அவருக்கு 32 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. முதலில் புகார் கொடுத்த இளைஞர் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு கடிதங்கள் பேராயரின் அலுவலகத்தைத் தாண்டவில்லை. திருச்சபைக்கும் அரசின் நீதிக்கும் இடையே ஓர் எல்லைக் கோடு வரையப்பட்டு, கடிதங்கள் இப்புறமே நிறுத்தப்பட்டன.

மூன்றாவது வரலாறு தமிழருக்கு வேறொரு வகையில் உறைப்பது. பிராட்ஃபோர்ட் நகரில் குருவானவராயிருந்த டிரெவர் தேவமாணிக்கம், தம் பொறுப்பில் விடப்பட்ட 16 வயதுச் சிறுவனை 1980களின் நடுவில் சீரழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். பாதிக்கப்பட்டவர் பின்னாளில் தாமும் குருவானவராகி, 2012ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் ஆயர்கள் சிலரிடம் இதனை முறையிட்டார். யார்க் பேராயர் ஜான் சென்டமுவுக்கும் செய்தி சென்றது. ஒருவரும் எழுந்து நடக்கவில்லை. 2017 ஜூனில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய நாளன்று தேவமாணிக்கம் தற்கொலை செய்துகொண்டார். குற்றச்சாட்டு ஒருபோதும் நீதிமன்றத்தில் தீர்க்கப்படவில்லை. முறையிட்டவருக்கு அந்த வாய்ப்பும் பறிபோயிற்று.

2023இல் வெளிவந்த ஜேன் ஹம்ஃப்ரீஸ் ஆய்வறிக்கை, பேராயர் சென்டமு செயல்படத் தவறினார் என்றது. அவர் அதை ஏற்கவில்லை. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உரிய மறைமாவட்டத்தின் ஆயருக்கே உரியது என்பது அவர் தரப்பு. ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைக் கேட்டறிந்தபின் 'இது யாருடைய மறைமாவட்டம்' என்று வினவுவதற்கும், அடிபட்டு வந்தவனிடம் 'சம்பவம் எந்த நிலைய எல்லையில் நடந்தது' என்று கேட்டுத் திருப்பியனுப்பும் காவலருக்கும் என்ன வேறுபாடு? எல்லையோர மக்களுக்கு இக்கேள்வியின் பொருள் விளக்காமலே விளங்கும்.

உதகை: எதிர்த்திசைப் பயணம்

தீங்கிழைத்தவர்கள் எப்போதும் மேற்கிலிருந்து நம் பக்கம் வருகிறார்கள் என்று எண்ணி ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. நம் தமிழகத்திலேயே எதிர்த்திசையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இது ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்ததன்று, கத்தோலிக்க சபையைச் சார்ந்தது. ஆயினும் இயங்கிய முறை ஒன்றே.

உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்னும் குரு, 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணியாற்றச் சென்றார். 2005இல் நாடு திரும்பினார். அங்கு அவர் பதின்ம வயதுப் பெண்கள் இருவரிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கானது. செய்தி உதகைக்கும் வத்திக்கானுக்கும் தெரிந்திருந்தும், 2010இல் உலகச் செய்தித்தாள்களில் வெளிவரும் வரை அவர் இங்கு மறைமாவட்ட அலுவலகத்தில் பணியாற்றினார். அப்பணி பள்ளிகள் தொடர்பானது என்பது குறிப்பிடத்தக்கது. 2012இல் தமிழகத்தில் கைது செய்யப்பட்டு, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் ஒரு பெண் தொடர்பான குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். மற்றொரு குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். காவலில் கழிந்த காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு அவர் அவ்வாண்டே இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டார். 2016இல் வத்திக்கானின் ஆலோசனையோடு உதகை ஆயர் அவர்மீதிருந்த தடையை நீக்கினார்.

சட்டம் விதித்த தண்டனை முடிந்தது, ஆகவே தடையும் நீங்கியது என்பது தரப்பட்ட நியாயம். தண்டனை கழித்தவன் மனந்திருந்தி வாழ வழி வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் வாழ்வதற்கான உரிமை வேறு. அங்கியணிந்து மக்கள் முன் நின்று அவர்தம் நம்பிக்கையைப் பெறும் தகுதி வேறு. முன்னது மனிதனுக்குரியது. பின்னது அமானிதம்; அதை ஒருமுறை முறித்தவன் கையில் மீண்டும் கொடுப்பதற்கு நிறுவனத்துக்கு என்ன உரிமை? மின்னசோட்டாவில் அந்தப் பெண்கள் இச்செய்தியைப் படித்தபோது அவர்களுக்குச் சொல்லப்பட்ட பொருள் என்ன என்பதை அந்த ஆணை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

தன்னைத் தானே தணிக்கை செய்தல்

இவ்வாறான நிகழ்ச்சிகளுக்குப் பின் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்வது, 'எங்கள் கோப்புகளை நாங்களே ஆராய்வோம்' என்பது. இங்கிலாந்துத் திருச்சபையும் 2007 முதல் 2009 வரை அவ்வாறு ஆராய்ந்தது. 40,000க்கும் மேற்பட்ட கோப்புகளைப் புரட்டி, முறையான நடவடிக்கை தேவைப்படுபவை 13 மட்டுமே என்று அறிவித்தது. பலரும் நிம்மதியடைந்தனர். அக்கணக்கை நம்ப முடியாதென்று பிற்பாடு உணரப்பட்டு இரண்டாம் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2022இல் வெளிவந்தபோது புதிதாகக் கண்டறியப்பட்ட விவகாரங்கள் 383 என்றிருந்தது. கோப்புகளில் இருந்தது பழைய செய்தியே. படித்த கண்கள்தாம் வேறு.

அரசு அமைத்த தன்னாட்சி விசாரணைக் குழு 2020 அக்டோபரில் ஆங்கிலிக்கன் திருச்சபையைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 1940கள் முதல் 2018 வரை, குருமாராகவோ திருச்சபையின் நம்பிக்கைப் பொறுப்புகளிலோ இருந்து சிறார்மீது பாலியல் குற்றம் புரிந்ததற்காகத் தண்டனை பெற்றோர் 390 பேர் என்று அது கணக்கிட்டது. குருமார்மீது கேள்வி எழுப்பத் தயங்கும் அதீத மரியாதை, நற்பெயரைக் காப்பதில் காட்டிய அக்கறை, பாதிக்கப்பட்டோரிடம் காட்டாத பரிவு ஆகியவற்றை அது காரணங்களாக எடுத்துரைத்தது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணையும் ஏறத்தாழ இதையேதான் கண்டது. அதற்கும் முன்பே, பிரிஸ்பேன் பேராயராயிருந்தபோது குற்றம் ஒப்புக்கொண்ட குரு ஒருவரைப் பணியில் தொடரவிட்ட பீட்டர் ஹாலிங்வர்த், அந்நாட்டின் தலைமை ஆளுநர் பதவியை 2003இல் துறக்க நேர்ந்தது.

இத்தனை அறிக்கைகளுக்குப் பின்னும் 2025 பிப்ரவரியில் கூடிய இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, சிறார் பாதுகாப்புப் பணி முழுவதையும் திருச்சபைக்கு வெளியே தன்னாட்சி அமைப்பிடம் உடனே ஒப்படைக்க முன்வரவில்லை. தேசிய அளவிலான ஊழியர்களை வெளி அமைப்புக்கு மாற்றலாம், மறைமாவட்ட ஊழியர்கள் இப்போதைக்கு அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும் என்ற பாதி வழியையே அது தேர்ந்தது. மறைமாவட்ட எல்லை இன்னொரு முறை வென்றது.

நம் மதிப்பீட்டில் இவ்வறிக்கைகள் யாவும் ஒரே நோயின் குறிப்புகள். அந்நோய் அறியாமை அன்று. 1982இல் அறிந்தனர், 1992இல் அறிந்தனர், 1993இல் அறிந்தனர், 2012இல் அறிந்தனர். ஒவ்வொரு முறையும் அறிந்த செய்தியைப் புகாராகக் கொள்ளாமல் இரகசியமாகக் கொண்டனர். நீதி கேட்டு வந்தவருக்கு ஆறுதல் தந்தனர். ஆறுதலும் கொடுமையிழைத்தவருக்கே கூடுதலாகக் கிடைத்தது. மன்னிப்பு என்னும் உயர்ந்த பண்பு, மன்னிக்க உரிமையுள்ளவனைக் கேளாமலே மற்றவர்களால் வாரி வழங்கப்பட்டது.

சட்டம் வரைந்த கோடு

இந்திய நாடாளுமன்றம் 2012இல் இயற்றிய சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம், போக்சோ எனப் பரவலாக அறியப்படுவது, இவ்விடயத்தில் தெளிவாகப் பேசுகிறது. குற்றம் நிகழ்ந்தது என அறிந்த எவரும், நிகழக்கூடும் என ஐயுறும் எவரும், காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. தெரிவிப்பவர் தாமே விசாரித்து உண்மையை நிறுவ வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடவும் வேண்டியதில்லை. பொள்ளாச்சி விடுதியொன்றில் 2014 ஜூனில் சிறுமியர் இருவர் சீரழிக்கப்பட்டதன் பின்னணியில், பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றமும் அவ்வாண்டே நிறைவேற்றியது.

1982இல் கேம்பிரிட்ஜில் இத்தகைய சட்டம் இருந்திருந்தால் ரஸ்டனின் அறிக்கை இழுப்பறையில் தங்கியிருக்க முடியாது. ஆனால் சட்டம் இருப்பது மட்டும் போதுமா? 'நம் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று ஒருவர் சொல்ல, கூடியிருப்போர் தலையசைக்கும் அந்த அறைக்குள் சட்டம் தானாக நுழைவதில்லை. அங்கு எழுந்து நின்று மறுக்கும் ஒருவர் வேண்டும்.

நம் முற்றம்

இவ்வளவு எழுதிய பின் நம் முற்றத்தைப் பார்க்காமல் முடிப்பது நேர்மையாகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்தோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் குழந்தைகள் அல்லர். ஆனால் குழந்தைகளைப் போலவே வாயற்றவர்கள். அச்சங்கிலிகள் ஒளித்து வைக்கப்பட்டவையும் அல்ல. தர்காவுக்குச் சென்று வந்த பல்லாயிரம் பேர் அவற்றைக் கண்டிருந்தனர். புனிதமான இடத்தை அடுத்து நடப்பது எப்படித் தவறாக இருக்கும் என்ற எண்ணமே கண்களை மூடியது. அங்கும் அறியாமை காரணமன்று.

நம் மத்ரஸாக்களிலும் அனாதை இல்லங்களிலும் அர்ப்பணிப்போடு உழைக்கும் உஸ்தாதுமார்களே மிகப் பெரும்பான்மையினர். அவர்களின் கண்ணியத்தைக் காப்பதற்கும், பிள்ளைகளுக்கு முறையிடும் வழி அமைப்பதற்கும் முரண்பாடில்லை. முரண்பாடு இருப்பதாகக் காட்டுவோர் இரு நெறிகளை மேற்கோள் காட்டுவதுண்டு. பிறர் குறையை மறைத்தல் நன்று என்பது ஒன்று. புறம் பேசுதல் பெரும்பாவம் என்பது மற்றொன்று. இரண்டும் மெய்யே. ஆயின் குறையை மறைத்தல் என்பது ஒருவன் தனக்கும் தன் இறைவனுக்குமிடையே செய்துவிட்ட தவறு பற்றியது. பிறன்மேல் தொடர்ந்து நடக்கும் அநீதிக்குத் திரை பிடிப்பதைப் பற்றியதன்று. புறம் பேசுதலைக் கடுமையாகக் கண்டித்த இமாம் நவவி அவர்கள், அது அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களை வரிசைப்படுத்தும்போது முதலாவதாக வைத்தது அநீதிக்குள்ளானவன் அதிகாரமுடையோரிடம் முறையிடுவதைத்தான். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவ்வாறில் ஒன்று.

ஹதீஸ் கலை வளர்த்த நம் முன்னோர், அறிவிப்பாளர்களின் குறைநிறைகளைப் பெயர் சொல்லி ஆராய்வதற்கென்றே ஜர்ஹ் வ தஃதீல் என்னும் துறையைக் கண்டனர். பொய்யரைப் பொய்யர் என்று எழுதினர். மறதிக்காரரை மறதிக்காரர் என்று எழுதினர். அறிவிப்பாளர் தொழுகையாளியாயும் நோன்பாளியாயும் இருப்பது அவரது அறிவிப்பை ஏற்பதற்குப் போதுமானதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு சொற்றொடரைப் பாதுகாக்க அத்துணை விழிப்போடிருந்த மரபின் வழித்தோன்றல்கள், ஒரு பிள்ளையைப் பாதுகாக்க அதில் பாதி விழிப்பும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியவை அரியவையும் அல்ல. உஸ்தாதையோ காப்பாளரையோ நியமிக்குமுன், அவர் இதற்கு முன் பணியாற்றிய இடத்தில் ஏன் விலகினார் என்று எழுத்தில் கேட்டுப் பெறுதல். பிள்ளையும் பெரியவரும் தனித்திருக்கும் அறைக்கு மூடாத கதவு. நிர்வாகத்தோடு உறவில்லாத பெண்ணொருவரும் ஆணொருவரும் மாதந்தோறும் வந்து பிள்ளைகளோடு பேசுதல். 1098 என்னும் சிறார் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில்படும் சுவரில் எழுதிவைத்தல். புகார் வந்தால் ஜமாஅத்தின் மஷூராவுக்குக் காத்திராமல் அன்றே காவல்துறைக்குத் தெரிவித்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, புகாருக்குள்ளானவரை ஓசையின்றி அடுத்த ஊருக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுதல். 'பெரிதாக்க வேண்டாம், வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்' என்ற சொற்களை நம்மில் கேளாதவர் அரியர். அடுத்த ஊரிலும் பிள்ளைகள் உண்டு.

பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கைப்பிடித்து விடுதி வாசல்வரை வந்து நிற்கும் தந்தை, அவன் எச்சமயத்தைச் சேர்ந்தவனாயினும், நம்மிடம் ஒப்படைப்பது ஓர் அமானிதத்தை. அவன் கேட்க அறியாத கேள்வியை நாமே கேட்டு, விடையையும் நாமே எழுதி வைத்திருக்க வேண்டும்: இங்கு உன் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் அது இன்னாரிடம் சொல்லலாம், கேட்டவர் இன்னது செய்வார், செய்யாவிடில் அவரும் குற்றவாளியே. இதை எழுதி வாசலில் ஒட்டத் தயங்கும் நிறுவனம், அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்கத் தகுதி பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.